ஐந்து மில்லிகிராம் சம்பந்தம்

எங்கள் தெருவில் எம்.பி.பி.எஸ். படித்தவர் ஒருவர்தான். வைத்தியம் சொல்பவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். படித்தவரைப் பார்க்க டோக்கன் வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், போதாக்குறைக்குப் பணமும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அப்படியில்லை. கேட்காமலே வாசல்வரை வந்து சொல்லிவிட்டு, நாம் கொடுக்கும் காபியையும் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று அதற்கும் ஒரு பத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எனக்கு பி.பி. வந்த சேதி இவர்களுக்கு எப்படிப் போனது என்பது இன்றுவரை விளங்கவில்லை. நான் போனதோ பல் பிடுங்க. ஊசி போடுவதற்கு முன்னால் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த பல் டாக்டர், 164/98 என்று ஒரு சீட்டில் எழுதி, "பல் எங்கேயும் ஓடிடாது சார், முதல்ல ஒரு பிஸிஷியனைப் பாருங்க" என்று என்னையும் பல்லையும் சேர்த்தே திருப்பி அனுப்பிவிட்டார். உறையூர் வந்து ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், எதிர்வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். "மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?"

அன்று இருட்டுவதற்குள் எனக்குக் கிடைத்த மருந்துகள் இவை: வெறும் வயிற்றில் பூண்டு. மருதம்பட்டைக் கஷாயம். முருங்கைக்கீரைச் சாறு. ராத்திரி ஊறவைத்த வெந்தயம். சீரகத் தண்ணீர். பச்சைச் சின்ன வெங்காயம். (கடைசியாகச் சொன்னதைத் தானே கடைப்பிடிக்கிறவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துதான் சொன்னார். நல்ல மனிதர்.) வெந்தயம் சொன்னவர் பூண்டை ஒப்புக்கொள்ளவில்லை, பூண்டுக்காரர் கஷாயத்தைக் கேட்டுச் சிரித்தார். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: "மாத்திரை மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. ஆரம்பிச்சா விட முடியாது."

இதைச் சொன்ன தலைமையாசிரியர் விடிகாலைக் காபி பத்து நிமிடம் தாமதமானால் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். வழிமொழிந்த மாடிவீட்டுக்காரர் மூக்குப்பொடி இல்லாமல் பஸ் ஏற மாட்டார். காபியையும் பொடியையும் ஆரம்பித்த நாளில் இவர்களை யாரும் இப்படித் தடுத்ததாகத் தெரியவில்லை.

மாறுபட்டுப் பேசியது பூக்காரம்மா ஒருவர்தான். "நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுக்கே வந்து பாத்து, கொடுத்துட்டுப் போறாங்க" என்றார், முழம் அளந்துகொண்டே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருக்கோடிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். "எதுக்கு, எத்தனை நாளைக்கு, தல சுத்துமா, எல்லாம் கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. போடுறேன்." அவ்வளவுதான். கேட்டாராம், சொன்னார்களாம், போடுகிறாராம். இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு என் உத்தியோக வரலாறு கொஞ்சம் வேண்டும். நான் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நாலு கடப்பாரை வாங்கியதாக பில் வந்தால் நாலாவது கடப்பாரை எங்கே என்று கேட்டுக் கடுதாசி எழுதியவன். பொறியாளர்களே என் மேசைக்கு முன்னால் வார்த்தையை மென்றிருக்கிறார்கள். இப்போது எங்கள் நகர் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் வேறு. சாக்கடை விஷயத்தில் மாநகராட்சியையே கேள்விகளால் துளைத்தவன் என்று பெயர். அப்பேர்ப்பட்டவன் டாக்டருக்கு எதிரே உள்ள அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் "சரிங்க டாக்டர்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். நாக்கை நீட்டச் சொன்னாலும் நீட்டியபடியே அதைத்தான் சொல்வேன்.

பயமா என்றால் இல்லை. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருமிக்கொண்டிருக்கும்போது நாம் ஒருவரே நேரத்தைத் தின்னலாமா என்ற பொது நலம்தான். தவிர, ஒரு சின்னச் சிக்கல். கேள்வி கேட்டால், இவனுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துவிடுவார். கொஞ்சம் விவரமாகக் கேட்டாலோ, போனில் படித்துவிட்டு வந்து நம்மிடமே காட்டுகிறான் என்று நினைத்துவிடுவார். அறியாதவனும் ஆகாமல், அறிந்தவனும் ஆகாமல் இருக்க ஒரே வழி வாயைத் திறக்காமல் இருப்பது. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அவற்றை மருந்துக்கடைப் பையனிடம் கேட்பேன். அவன் பத்தாவது முடித்துவிட்டுப் பகுதி நேரமாக வந்திருப்பவன். மிகத் தெளிவாகப் பதில் சொல்வான்.

என் மனைவிக்கு இந்த நுட்பம் எதுவும் பிடிபடாது. "சாகிற வரைக்கும் கூடவே இருக்கப்போறதுன்னு சொல்றாங்க. நாலு இடத்துல விசாரிக்காம எப்படி வீட்டுக்குள்ளே விடறது?" என்றாள். அவள் தங்கை மகளுக்கு வரன் பார்த்தபோது பையன் வீட்டைப் பற்றி அவள் திரட்டிய விவரங்களை நான் கண்ணால் பார்த்தேன். சம்பளம், கடன், வீடு யார் பெயரில், அத்தை ஏன் பேசுவதில்லை, தாத்தாவுக்கு மூச்சிரைப்பு எந்த வயதில் வந்தது என்று எதுவும் பாக்கியில்லை. அந்த அளவுகோலைத்தான் மாத்திரைக்கும் வைத்தாள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், மளிகை லிஸ்ட் எழுதும் அதே கையெழுத்தில், கேள்விகள் வரிசையாக ஏறின.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள், கிளினிக்கில் போன் செய்து நேரம் கேட்டபோது. டாக்டரைக் கண்டாலே எகிறுகிற அழுத்தம் சிலருக்கு உண்டாம். வீட்டில் பார்த்தால்தான் நிஜ கணக்கு தெரியுமாம். மைத்துனர் கைப்பட்டைக் கருவி ஒன்றை வாங்கிவந்து தந்தார். 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி என்ற டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1905இல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய ராணுவ டாக்டர், காற்றை இறக்கும்போது பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் டொக் டொக்கென்று சத்தம் ஆரம்பிக்கும் இடம் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண் என்று சொன்னார். நூற்றாண்டு தாண்டியும் பட்டையும் காற்றும் அதேதான். இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அளந்து பார்த்திருந்தால் ஆராய்ச்சியைக் கைவிட்டிருப்பார்கள்.

விதிமுறைகள் அப்படி. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில். கால்மேல் கால் கூடாது. பட்டை நெஞ்சு உயரத்தில். அப்படியே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்து, அளக்கும்போதும் பேசாமல் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் இடித்தது. எங்கள் வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து யாரும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. கருவி உறுமத் தொடங்கியதும் அடுக்களையிலிருந்து, "கரெண்ட் பில் கட்டியாச்சா?" என்று குரல் வரும். கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்; கருவிக்கும் தெரிந்துவிடும். 168. போதாததற்கு, தெருவில் கருவி வந்த விஷயம் பரவி, எல்லாரும் தங்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மாத்திரைக்கு எதிராகப் பிரசாரம் செய்த தலைமையாசிரியருக்கு 172. "உங்க மிஷின் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படியோ எழுதிய எண்களைச் சராசரி பார்த்தேன். தணிக்கைக்காரனுக்கு அது ஒன்றாவது ஒழுங்காக வரும். 156/96. எல்லை 140/90.

தில்லைநகர் கிராஸ்களில் ஒன்றில் இருந்தது கிளினிக். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு டாக்டர் பெயர்ப்பலகை. தவறான படியில் ஏறினாலும் ஏதோ ஓர் உறுப்புக்குச் சிகிச்சை கிடைக்கும். டாக்டர் என் மகள் வயதுப் பெண். அது இன்னும் மோசம். மகள் வயதுக்காரி கேட்டால் உண்மை சொல்லியாக வேண்டும் என்று மனசு சொல்கிறது. மகள் வயதுக்காரியிடம் சொல்வதா என்று வாய் மறுக்கிறது.

நான் எழுதிவந்த நோட்டைப் புரட்டினார். மறுபடி இரண்டு கையிலும் அளந்தார். "மாத்திரை ஆரம்பிச்சுடலாம் சார்."

"சரிங்க டாக்..." என்று நான் முடிப்பதற்குள் நாட்காட்டித் தாள் பிரியும் சத்தம் கேட்டது.

"அவருக்கு ஒண்ணுமே பண்ணலைங்களே டாக்டர். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எதுக்கு மாத்திரை?" வாதம் என்னுடையது; நான்தான் வீட்டில் இதைப் பல்லவியாகப் பாடிக்கொண்டிருந்தேன். டாக்டர் எதிரில் பாட முடியாததை அவள் எனக்காகப் பாடினாள்.

"ஒண்ணும் பண்ணாதுங்கம்மா, அதான் பிரச்சினை. ரத்தக்குழாய், இதயம், கிட்னி, கண்ணு, மூளை எல்லாம் உள்ளுக்குள்ளேயே அடிபட்டுட்டு இருக்கும். ஒரு நாள் மொத்தமா பண்ணும்."

இந்த இடத்தில் எனக்கு ரூஸ்வெல்ட் ஞாபகம் வந்தார். (அளக்கக் காத்திருந்த நேரங்களில் படித்தது, டாக்டரிடம் சொல்லவில்லை, முன்சொன்ன காரணத்தால்.) இரண்டாம் உலகப்போரை நடத்திய அமெரிக்க ஜனாதிபதிக்கு 1944 மார்ச்சில் இதய டாக்டர் ஒருவர் அளந்தபோது 186/108. உலகத்தின் பாதி அவர் கைக்குள். ஆனால் உருப்படியாக அழுத்தத்தை இறக்கும் மாத்திரை ஒன்றுகூட அன்று எந்தக் கடையிலும் கிடையாது. உப்பைக் குறையுங்கள், சிகரெட்டைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்றார்கள். போரை வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதாம். 1945 ஏப்ரல் 12, தலை வலிக்கிறது என்றார், சாய்ந்தார். அப்போது அளந்ததில் 300/190. இன்று எங்கள் பூக்காரம்மாவுக்கு வீட்டு வாசலில் இலவசமாகக் கிடைப்பது அந்த ஜனாதிபதிக்குக் கிடைக்கவில்லை. நான் அதை வேண்டாம் என்று சொல்வதற்காக ஒரு தெருவையே திரட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"வேற ஏதாவது மாத்திரை, மருந்து சாப்பிடறீங்களா சார்?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்." இதைச் சொல்லும்போது என் முகத்தில் இருந்த தெளிவு உத்தியோக காலத்தில் பலர் என்னிடம் காட்டியது.

என் மனைவி மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். வீட்டில் நான் உட்காரும் இடம், படுக்கும் இடம், அலமாரியின் பின்வரிசை எல்லாவற்றையும் காலையிலேயே சோதனை போட்டிருக்கிறாள். அதிமதுரக் குச்சி ஒரு கொத்து. மருதம்பட்டைப் பொடி டப்பா. வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டுப் பொங்கவைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலங்கள். மைத்துனர் தமக்கு எழுதிக்கொடுத்ததில் பங்கு போட்டுத் தந்த மூட்டுவலி மாத்திரை அட்டை, பாதி காலி. மகள் அனுப்பிய, சோடியம் குறைத்த உப்புப் பாக்கெட்.

டாக்டர் முதலில் அதிமதுரத்தைத்தான் கையில் எடுத்தார். "இது எதுக்கு?"

"சங்கக் கூட்டத்துல பேசறதுக்கு, தொண்டைக்கு..." என்றேன்.

"தினமும் கூட்டமா?"

"தினமும் தயாரா இருக்கணும்ல."

அதிமதுரத்தை அளவில்லாமல் நாள்கணக்கில் மென்றால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும் என்றார். கைமருந்து என்று நான் மதித்தது இத்தனை நாள் எதிர்க்கட்சியில் இருந்திருக்கிறது. பொங்கும் உப்புப் பொட்டலம் பெயரிலேயே வாக்குமூலம் கொடுத்திருந்தது: சோடியம். மூட்டுவலி அட்டையைப் பார்த்ததும் டாக்டரின் புருவம் ஏறியது.

"மாத்திரை கிட்னியைத் தின்னுடும்னு சொல்றாங்களே டாக்டர்" என்று என் மனைவி சரியாக அதே நேரத்தில் தன் அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"பி.பி. மாத்திரை தின்னாதும்மா. கட்டுப்படுத்தாத பி.பி.தான் தின்னும். அப்புறம், இது" என்று அந்த அட்டையை ஆட்டிக் காட்டினார். "இந்த வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டா பி.பி.யும் ஏறும், கிட்னிக்கும் நல்லதில்லை. யார் கொடுத்தது?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன் என்பதை அந்தச் சபையில் சொல்வது உசிதமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, "இவருதான் கேட்டு வாங்கியிருப்பாரு" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

மருதம்பட்டையைப் பற்றி டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "இதைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது சார். அதனாலதான் ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்கன்னு சொல்றேன்." தெரியாது என்ற அந்தச் சொல்லை எங்கள் தெரு மருத்துவர்கள் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

அடுத்து வரன்களை வரிசையாக நிறுத்தினார்கள். என் மனைவி, "ஒண்ணுதான் இருக்கா, வேற இருக்கா?" என்று புடவைக்கடைத் தொனியில் கேட்டதன் விளைவு. எனாலாபிரில் என்று ஒன்று, நல்ல குடும்பம், ஆனால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். அந்த வம்சத்தின் மூலம் பாம்பு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்று கடித்தால் அழுத்தம் சரேலென்று இறங்கிவிடுவதைப் பார்த்து, அதன் விஷத்தை ஆராய்ந்து, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்த முதல் மாத்திரை காப்டோபிரில். எனாலாபிரில் அதற்குத் தம்பி. மாத்திரையில் விஷம் எதுவும் கிடையாது, செய்வது ரசாயனச் சாலையில்தான் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியும், பாம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி அந்த ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டெல்மிசார்டன் என்று இன்னொன்று. இருமல் அவ்வளவாக இல்லை. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அவ்வப்போது சோதிக்க வேண்டும். மகள் அனுப்பிய அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறதாம். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒத்துவராது. மூன்றாவது, நீரைப் பிரித்து வெளியேற்றும் ரகம். திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போய்வருகிறவனுக்கு அதன் குணநலனை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் அமைந்தது ஆம்லோடிபின். ஐந்து மில்லிகிராம். ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயைத் தளர்த்திவிடும். பதவிசாக வேலை செய்யும். நாள் முழுக்க, அதற்கு மேலும் உடம்பில் தங்கும். முழுப் பலன் தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

"கெட்ட பழக்கம்?" என்றாள் என் மனைவி. சத்தியமாக இந்தச் சொல்லைத்தான் கேட்டாள்.

"சிலருக்குக் கணுக்கால் வீங்கும். முகம் சூடாகிற மாதிரி இருக்கும், ஆரம்பத்துல தலைவலி வரலாம். வந்தா நீங்களா நிறுத்தாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க."

"ஒரு நாள் மறந்துட்டா?"

"ஞாபகம் வந்ததும் அன்னைக்கே போடுங்க. அடுத்த நாள்தான் ஞாபகம் வந்ததுன்னா, போனது போச்சு. ரெண்டா சேர்த்துப் போடக் கூடாது."

"விடவே முடியாதா?"

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். விட முடியாமல் பிடித்துக்கொள்வது மாத்திரை இல்லை, நோய். மாத்திரை அழுத்தத்தை அடக்கி வைக்கும். விட்டால் பழையபடி ஏறும். எடை குறைந்து, உப்பு குறைந்து, தினமும் நடந்து, எண்கள் நன்றாக இறங்கினால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், சிலருக்கு நிறுத்தியும் பார்க்கலாம். "ஆனா அதை நான் சொல்லணும். எதிர்வீட்டுக்காரர் சொல்லக் கூடாது." எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?

"காலையிலா ராத்திரியா?"

"எப்போ மறக்காம போடுவீங்களோ அப்போ." பிரிட்டனில் இருபதாயிரம் பேருக்கு மேல் வைத்து இதையே சோதித்துப் பார்த்து, 2022இல் முடிவு வெளியிட்டார்களாம்: காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் பலனில் வித்தியாசம் இல்லை. இருபதாயிரம் பேரை விசாரித்தவர்கள் கிழமையை விசாரிக்கவில்லை என்பது என் மனைவிக்கு ஏமாற்றம்தான். மறுநாள் செவ்வாய், வேண்டாம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, ராகு காலத்துக்கு முன்னால் காலையிலேயே ஆரம்பித்துவிடலாம் என்று அங்கேயே முகூர்த்தம் குறித்தாள். டாக்டர் சீட்டில் 1-0-0 என்று எழுதினார். கூடவே கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா சார்?"

அறை அமைதியானது. மாநகராட்சியைத் துளைத்தவன், நாலாவது கடப்பாரையைத் தேடியவன், தன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஊறுகாய்?"

ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி, சோற்றில் குழம்பில் அப்பளத்தில் மோர்மிளகாயில் இருப்பது எல்லாம் சேர்த்து, இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு என்றார். எங்கள் வீட்டு ஆவக்காயின் ஒரு துண்டு அந்தத் தேக்கரண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைக் கையால் காட்டினார். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. இதே ஊரில் இருந்துதான் 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஒரு கூட்டம் உப்புக்காக வேதாரண்யம்வரை நடந்து போனது. புறப்பட்டது கன்டோன்மென்டில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து, டி.எஸ்.எஸ். ராஜன், பின்னால் 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரே ஆனவர். திருச்சி டாக்டர்கள் உப்பு விஷயத்தில் அன்று எடுத்த நிலைப்பாட்டுக்கும் இன்று எடுக்கும் நிலைப்பாட்டுக்கும் உள்ள முரணைத் தணிக்கைக் குறிப்பாக எழுதலாம். கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. "சரிங்க டாக்டர்" என்றேன்.

மருந்துக்கடையில் இன்னொரு சுற்று நடந்தது. பையன் வேறு கம்பெனி அட்டையை எடுத்துப் போட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றான். நான் தலையாட்டினேன். என் மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையின் பின்புறத்தில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுத்தெழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டாள். அதே கம்பெனியில் அதே பெயருக்குப் பின்னால் பட்டம் சேர்த்த அட்டைகளும் உண்டாம், அதாவது கூடவே இன்னொரு மருந்தும் கலந்தவை. அவன் முதலில் எடுத்துவைத்தது அப்படிப்பட்டதுதான். மாற்றி வாங்கினாள். ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டாள். "டாக்டர் சீட்டு இல்லாம தரக் கூடாதுன்னு அர்த்தம்மா" என்றான் பையன், சீட்டில்லாத ஒருவருக்கு மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டே.

புதன்கிழமை நல்ல நேரத்தில் மாத்திரை உள்ளே போனது. பக்க விளைவுகளுக்கு நான் தயாராக இருந்தேன். போனில் படித்திருந்த பட்டியலில் ஒன்றையும் விடவில்லை. காலை பத்து மணிக்கு முகம் சூடாயிற்று. அடுப்பு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றார்கள். மதியம் களைப்பு. சாப்பிட்டதும் தினமும் இருப்பதுதானே என்றார்கள். தையல் மிஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் காலையும் மாலையும் கணுக்காலை அளந்து, அழுத்தம் எழுதும் நோட்டிலேயே தனிப் பத்தி போட்டுப் பதிவு செய்தேன். மாலையில் கால் இஞ்ச் கூடியது. இந்த வீட்டில் என் வார்த்தைக்குத்தான் மதிப்பில்லை, எண்ணுக்கு உண்டல்லவா? அடுத்த முறை டாக்டரிடம் நோட்டை நானே நீட்டினேன். முதல் தடவையாக நானே பேசினேன்: "வீங்குதுங்க டாக்டர்."

குனிந்து கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினார். சற்று நேரம் பிடித்துவிட்டு எடுத்தார். குழி விழவில்லை. அதற்குச் சற்று மேலே வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. "இது சாக்ஸ் எலாஸ்டிக் சார்."

அழுத்தம் 136/84க்கு வந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. அதிமதுரம் நின்றதில் எவ்வளவு, மாத்திரையில் எவ்வளவு, ஆவக்காயில் எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இதையே தொடரச் சொன்னார். நான் எழுந்தேன்.

"அம்மா, நீங்களும் கையைக் கொடுங்க, பார்த்துடலாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நாட்காட்டித் தாளைப் பிடித்திருந்த கையை மெல்ல நீட்டினாள். 134/84. "நம்ம கணக்குக்கு எல்லைக்குள்ளேதான் இருக்கீங்க. மாத்திரை தேவையில்லை. உப்பைக் குறைச்சு, தினம் நடங்க." என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "சரிங்க டாக்டர்." அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை.

ஆட்டோவில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அமெரிக்க இதய சங்கத்துக்காரர்கள் 2017இல் எல்லையை 130/80க்கு இறக்கிவிட்டதை நான் படித்திருந்தேன். முந்தின நாள் நன்றாகத் தூங்கிய கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் மறுநாள் பி.பி.காரர்களாக எழுந்திருக்கிறார்கள். அதை விளக்கிச் சொல்லி, "திருச்சியில இருக்கிறவரைக்கும் நீ நார்மல். பொண்ணு வீட்டுக்கு நியூஜெர்சியில போய் இறங்கின நிமிஷம் பேஷண்ட். அதிகாரபூர்வமா" என்றேன்.

"அப்ப அவ பிரசவத்துக்கு நான் போகக் கூடாதுங்கறீங்க."

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஒரு விவரத்துக்கு..."

"டிக்கெட் காசு மிச்சம் பிடிக்க அமெரிக்கா வரைக்கும் போய் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. ஒரு டாக்டர் கிட்ட வாயைத் திறக்க முடியலை."

ஆட்டோ சாலை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் பார்த்தார். அவரிடமும் ஏதோ மருந்து இருப்பது தெரிந்தது. அவரை முந்திக்கொண்டு நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க" என்றாள். "ஏறிடும்."